காவலாளி என்றே எழுதுங்கள்

தந்தையைப் பற்றி மகன் எழுதுவது எளிது என்பார்கள். புகழ்ந்து எழுதுவதானால் எளிதுதான். செய்த தவற்றை ஒப்புக்கொண்டு எழுதுவது அத்தனை எளிதன்று. இக்கட்டுரை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

சென்ற ஆண்டு என் தந்தை காலமானபோது, திருக்கழுக்குன்றம் சாலையில் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ப் பதாகை ஒன்று கட்டினார்கள். இராணுவ உடையில், மார்பில் பதக்கங்களோடு அவர் நிற்கும் பழைய படம். கீழே ‘முன்னாள் இராணுவ வீரர்’ என்று கொட்டை எழுத்து. படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த வரியை எழுதிக் கொடுத்தவனும் நானே. காரியங்கள் முடிந்து ஒரு மாலை அந்தப் பதாகைக்கு எதிரே நின்றபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தந்தை இராணுவத்தில் இருந்தது 17 ஆண்டு. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதியின் வாயிலில் இரவுக் காவலாளியாக நின்றது 21 ஆண்டு. பெரிய கணக்கை மறைத்துவிட்டுச் சிறிய கணக்கை ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஏன் அப்படிச் செய்தேன்?

1986இல், தம் 19ஆம் வயதில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படைப்பிரிவில் அவர் சேர்ந்தார். ‘மதராஸ் சாப்பர்’ என்று பெயர் பெற்ற, 1780இல் தோன்றிய பழம்பெரும் படை அது. பாலம் போடுவதும், பாதை அமைப்பதும், மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடியைக் கண்டு அகற்றுவதும் அவர்கள் தொழில். போர்க்களத்திலும் அவர்கள் உழைப்பாளிகளே. படையில் இவர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். வீட்டில் என் தந்தை என்னை அழைத்ததும் அதே சொல்லால்தான்.

1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி ஈழம் சென்ற அமைதிப்படை, 1990 மார்ச் 24இல் முற்றிலும் திரும்பியது. அதில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மடிந்தனர். ஈழத் தமிழ் மக்கள் இழந்த உயிர்களோ எத்தனையோ! அந்தப் படையில் யாழ்ப்பாணம் சென்றவர்களில் என் தந்தையும் ஒருவர். அதைப்பற்றி அவர் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. “ஒரு கிழவி என்னைப் பார்த்து, ‘தம்பி, நீர் எந்த ஊர்?’னு கேட்டுச்சு. பதில் சொல்ல எனக்கு வாய் வரல” என்றார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். அமைதிப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அன்றைய தமிழக முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை என்பது வரலாறு. அதன் நியாய அநியாயங்களை இன்றும் பேசுகிறார்கள். என் தந்தை அதைக் குறையாகவும் சொன்னதில்லை, சரியென்றும் சொன்னதில்லை. ஆனால் சாகும் வரையில் தரையைப் பார்த்தே நடந்தார். அடக்கமான மனிதர் என்று ஊரார் சொல்வார்கள். அது கண்ணிவெடி தேடிய கண் என்பது எங்களுக்கு மட்டுமே தெரியும்.

2003இல் அவர் ஓய்வு பெற்றபோது வயது 36. ‘ஓய்வு’ என்ற சொல் எவ்வளவு பொருத்தமற்றது! மற்றவர்கள் வாழ்க்கையில் காலூன்றும் வயதில் நம் சிப்பாய்கள் பலர் வீடு திரும்புகிறார்கள். தங்கையின் திருமணக் கடன், வயதான பெற்றோர், ஏரிப் பாசனத்தில் அரை ஏக்கர் நிலம் – இவையே அவருக்காகக் காத்திருந்தவை. இராணுவத்தில் இரும்புப் பாலம் போட்ட கைக்கு வெளியே கிடைத்தது ஒரு விசிலும் ஒரு டார்ச்சும். மாலை 6 மணிக்கு மொபெட்டில் கிளம்புவார். காலை 9 மணிக்குத் திரும்புவார். வந்ததும் மாடு, பிறகு வயல். நண்பகலில் நான்கு மணி நேர உறக்கம். 21 ஆண்டும் இதே அட்டவணைதான். பொங்கலன்றும் தீபாவளியன்றும் விடுதியில் கூட்டம் அதிகம். ஆகவே அந்த நாள்களில் அவர் எங்களோடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பணி முடிந்து கிளம்பும் நேரத்தில் கடல் உள்ளே வந்தது. அன்று கரையிலிருந்து எத்தனை பேரைத் தூக்கி வந்தார் என்று அவர் எண்ணவில்லை. மூன்று நாள் வீடு திரும்பவில்லை என்று என் அம்மா சொல்லுவார். அந்த அலை மணலை அரித்துச் சென்றபின் சாளுவன்குப்பத்தில் ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. அதைக்கொண்டு 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, புதைந்துபோன பழைய முருகன் கோயிலைக் கண்டனர். அந்தக் கற்களைப் பற்றி நானே வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்திருக்கிறேன். அதே கரையில் அன்று நின்ற என் தந்தையிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். கல்லூரியில் சேர விண்ணப்பம் நிரப்ப, நானும் அவரும் செங்கற்பட்டில் ஒரு கணினி மையத்துக்குப் போயிருந்தோம். ‘தந்தையின் தொழில்’ என்ற இடம் வந்தது. “முன்னாள் இராணுவ வீரர்னு போடுங்க” என்று முந்திக்கொண்டு சொன்னேன். “இப்ப என்ன வேலை?” என்றார் கணினியில் இருந்தவர். நான் பேசவில்லை. “வாட்ச்மேன்” என்றார் என் தந்தை. வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “ரெண்டும் ஒரே வேலைதான் தம்பி. ஊரு தூங்குறப்போ கண்ணு மூடாம நிக்கணும். அவ்ளோதான்” என்றார். அன்று நான் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் பதாகையில் அந்த ஒற்றை வரி வந்திருக்காது.

வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் பின்னர் என் பாடத்திடமே இதற்கு விடை தேடினேன். வீரனுக்கு நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் படிப்படியாக விரித்துரைக்கிறது. செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், வீரனுக்கு அருகே அவனுடைய நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் ‘கோவிவன்’ என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். காவல் காத்த நாய்க்குப் பெயர் சொல்லிப் பெருமை செய்த நாடு இது. நாமோ நாள்தோறும் கதவு திறந்துவிடும் மனிதரை ‘ஏய், வாட்ச்மேன்’ என்று கூப்பிடுகிறோம்.

இன்னொரு சான்றும் உண்டு. மாமல்லனின் படை வாதாபியை வென்றது கி.பி. 642இல். அப்படையை நடத்தியவர் பரஞ்சோதி என்று வரலாற்றாசிரியர் கருதுவர். அவர் கதையைச் சொன்னவர் நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார். போர் முடிந்தபின் பரஞ்சோதி தம் ஊரான திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பி, அடியார்க்கு அன்னமிட்டுப் பணிசெய்து வாழ்ந்தார். அடியார்முன் தம்மைச் சிறியவராகவே கொண்டு ஒழுகியதால் அவருக்கு வந்த பெயர் ‘சிறுத்தொண்டர்’. வாதாபியை வென்றவரைத் தமிழர் எந்தப் பெயரால் நினைவில் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! போருக்குப் பின் அவர் செய்த சிறு தொண்டின் பெயரால் அன்றோ!

களத்தில் மடிந்தவர்க்குச் சின்னங்கள் இருக்கின்றன. சென்னைக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது; அமைதிப்படையில் மடிந்தவர்க்குக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையிலும் இருக்கிறது. அது நியாயமே. ஆனால் உயிரோடு திரும்பி வந்து, அடுத்த முப்பது நாற்பது ஆண்டு உழைத்தே தேய்கிறவருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? இது நம் தலைமுறைக்கும் உரிய கேள்வி. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி படையில் சேர்பவருக்குப் பணிக்காலம் நான்கே ஆண்டு. அதற்குப் பின் 25 விழுக்காட்டினர் வரையே நிலைத்த பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்க்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. என் தந்தை 36 வயதில் நின்ற வாசலில், நம் வகுப்பு நண்பர்கள் 25 வயதிலேயே வந்து நிற்கப்போகிறார்கள். அவர்களுக்கு வேலை தருவது அரசின் கடமை. எந்த வேலை செய்தாலும் மதிப்பது நம் கடமை.

ஆகவே நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் டிசம்பர் 7, கொடி நாள். உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம். அதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் ஒரு முன்னாள் படைவீரரைத் தேடிச் சென்று, படையில் இருந்த கதையையும் வந்தபின் உழைத்த கதையையும் எழுதி வாங்கி வரட்டும். பெரும்பாலும் ஏதோ ஒரு வாயிலில்தான் அவர் நின்றுகொண்டிருப்பார். வரலாற்றுத் துறை அவற்றைத் தொகுத்து வைக்கட்டும். அவர்களிடம் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. எனக்கு இல்லை.

வருகிற மாதம் என் தந்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாள். மறுபடியும் ஒரு பதாகை வைக்க ஊர் நண்பர்கள் வரி கேட்டிருக்கிறார்கள். படம் அதே படந்தான். வரியை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்: ‘17 ஆண்டு படைவீரர், 21 ஆண்டு காவலாளி.’