யோகா வகுப்பும் பத்து மணி நேர வேலையும்

காலை எட்டரை மணிக்குக் காட்கோபர் நிலையத்தில், மத்திய ரயில்வே நடைமேடையிலிருந்து மெட்ரோவுக்கு ஏறும் நெரிசலில் சிக்கியிருப்பவரிடம் ‘மூச்சை மெல்ல உள்ளிழுத்து மனத்தை அமைதிப்படுத்துங்கள்’ என்று உபதேசிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். பெருநிறுவனங்களின் மனிதவளத் துறைகளுக்கு அத்துணிச்சல் நிறையவே உண்டு. அக்டோபர் 10, உலக மனநல நாளன்று யோகா வகுப்பு, தியானச் செயலி, ஆலோசகரின் தொலைபேசி எண். அன்றிரவு பதினொரு மணிக்கு மேலாளரின் வாட்ஸ்அப் கட்டளை.

குறையை ஊழியரின் மனத்துக்குள் தேடுவது முதலாளிக்கு வசதியானது, செலவும் குறைவு. உலகச் சுகாதார நிறுவனமோ 2019-இல் பணிச்சோர்வை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. அழுத்தம் பணியிடத்தில் இருக்க, மருந்து மட்டும் ஊழியருக்கு எதற்கு?

மகாராஷ்டிர அரசு இந்த அழுத்தத்தைச் சட்டமாக்க முனைந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் நாளொன்றுக்கான வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 10 மணியாகவும், தொழிற்சாலைகளில் 12 மணி வரையிலும் உயர்த்த 2025 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. டோம்பிவிலியிலிருந்து வந்து காட்கோபரில் வண்டி மாறி அந்தேரி செல்பவருக்குப் பத்து மணி நேர வேலை என்பது வீட்டுக்கு வெளியே பதின்மூன்று மணி நேரம். அந்தப் பயணத்துக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடமில்லை. மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்கிறது அரசுத் தரப்பு. வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் இடும் கையொப்பத்தைச் சம்மதம் என்று அழைப்பது கேலிக்கூத்து.

இவர்களுக்காவது மனிதவளத் துறை என்று ஒன்று இருக்கிறது. காட்கோபர் கிழக்கின் காமராஜ் நகர் போன்ற குடியிருப்புகளிலிருந்து வீட்டுவேலைக்கும் காவல் பணிக்கும் செல்பவர்களுக்கு அந்தப் பாவனைகூடக் கிடையாது.

ஓய்வு இந்நகரத்தில் ஒருபோதும் தானமாக வந்ததில்லை. 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய நாராயண் மேகாஜி லோகண்டே, ஞாயிறு விடுமுறைக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்; 1890-இல்தான் ஆலைமுதலாளிகள் பணிந்தனர். இன்று தியானச் செயலி வழங்குவோர் அனுபவிக்கும் ஞாயிறும் அப்போராட்டம் தந்ததுதான். தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றதால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

வேலை நேரத்துக்குப் பின் அழைப்புகளை மறுக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. அதே உரிமைக்கான தனிநபர் மசோதாவை மகாராஷ்டிரத்தின் பாராமதி உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-இல் மக்களவையில் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆண்டுதோறும் பொங்கல் விழா மேடைக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் மும்பைத் தமிழமைப்புகள் முதலில் கேட்கவேண்டியது இந்த மசோதாவைப் பற்றித்தான். சால்வையைப் பிறகு போர்த்திக்கொள்ளலாம்.