கோச்சி வந்திட்டுது, பஸ் எங்க?

திருகோணமலை என்றாலே எல்லாரும் துறைமுகத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். இயற்கைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், வல்லரசுகளின் கண். 2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து இந்த ஊரை எரிசக்தி மையமாக்க உடன்படிக்கையும் செய்துவிட்டன. நல்லது. எங்கட கேள்வி அதைவிடச் சின்னது. இரவு முழுக்க ரயிலில் வந்து விடியற்காலை இங்கே இறங்குகிற ஆள் வீட்டுக்கு எப்படிப் போறது?

கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று வருகிற இந்தப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட 70 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு அஞ்சல் ரயிலில் ஏறினால் எட்டு, ஒன்பது மணித்தியாலம் எடுக்கும். தண்டவாளத்துக்குத் திருகோணமலைதான் கடைசி ஸ்டேஷன். பயணிக்கு அப்படி இல்லை. அவருக்கு இன்னும் மூதூர் இருக்கிறது, ஈச்சிலம்பற்று இருக்கிறது, நிலாவெளி, குச்சவெளி இருக்கிறது. அந்த ஊர்களுக்குப் பஸ் எடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேணும். ஸ்டேஷன் ஒரு இடத்தில், பஸ் ஸ்டாண்ட் இன்னொரு இடத்தில். வெறுங்கையோடு வருகிற இருபது வயதுக்காரருக்கு அது நடக்கிற தூரம்தான். பெட்டியும் கைக்குழந்தையுமாக இறங்குகிற பெண்ணுக்கோ, மகரகமவில் சிகிச்சை எடுத்துவிட்டு வருகிற நோயாளிக்கோ அது நடக்கிற தூரமில்லை.

"ஆட்டோ இருக்குத்தானே" என்பார்கள். இருக்கிறது. ஆட்டோ அண்ணன்மாரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அந்த இருட்டில் வந்து நிற்கிறதே அவர்கள்தான். ஆனால் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து வந்தவர் கடைசிக் கொஞ்சத் தூரத்துக்குத் தனி வாடகை கொடுத்துத்தான் போக வேணும் என்றால், அதைப் பொதுப் போக்குவரத்து என்று சொல்ல ஏலாது.

"ரயிலில் ஆக்களே குறைவு, யாருக்குப் பஸ் விடுறது?" என்று அடுத்த கேள்வி வரும். ஆக்கள் ஏன் குறைவு என்று ஒருக்கா யோசியுங்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறலாம். ரயிலில் வந்தால் ஏலாது. இணைப்பை நீங்களே அறுத்துவிட்டு, பயணி வரவில்லை என்று கணக்குக் காட்டுவது நியாயமா?

இனி, இது யாருடைய வேலை? ரயில் மத்திய அரசின் திணைக்களம். இ.போ.ச. மத்திய அரசின் சபை. மாகாணத்துக்குள் ஓடுகிற தனியார் பஸ் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் அதிகாரம். ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே தெருவும் விளக்கும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. இந்த நாலு பேரும் ஒரே மேசையில் இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிகிற விசயம். கிழக்கு மாகாணத்தின் தலைநகரமே இந்த ஊர்தான். ஆனால் மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை. பஸ் ஏன் இல்லை என்று கேட்டுச் சட்டையைப் பிடிக்க, நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஒரு மாகாண உறுப்பினர்கூட இல்லை. அதிகாரப் பகிர்வு என்றால் மேடைப் பேச்சு என்று நினைக்கிறவர்கள், விடிய அஞ்சு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்று பாருங்கள்.

சுவிஸில் இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டால் சொல்லுவார்கள். அங்கே 1982 முதல் முழு நாட்டுக்கும் ஒரே ஒழுங்கில் ரயில் அட்டவணை ஓடுகிறது. மலைக் கிராமத்து மஞ்சள் பஸ்ஸும் ரயில் வருகிற நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். "அது பணக்கார நாடு" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். பஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஸ்டேஷன் வாசலிலிருந்து கிளப்ப எத்தனை கோடி வேணும்? இ.போ.ச.வுக்கும் தனியாருக்கும் ஒருங்கிணைந்த நேர அட்டவணை பற்றிக் கனகாலமாகக் கதைக்கிறார்கள். அதில் ரயிலுக்கும் ஒரு நிரல் போடுங்கள் என்கிறோம்.

இணைப்பு என்பது வசதி பற்றிய கதை மட்டும் இல்லை. இந்த மாவட்டத்துக்கு அது நல்லாகத் தெரியும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை கிண்ணியா மக்களுக்குப் படகுப்பாதைதான் வழி. அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியும் வரை 'தற்காலிகமாக' ஓடிய படகுப்பாதை 2021 நவம்பர் 23 அன்று கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் செத்தார்கள். பெரிய திட்டம் வரும், அதுவரை சனம் எப்படியோ சமாளிக்கும் என்று விடுகிற அந்தப் புத்திதான் இதற்கும் காரணம். ஸ்டேஷன் வாசலில் யாரும் சாகவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இரவு அஞ்சல் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் மூதூர்ப் பக்கம் ஒன்று, குச்சவெளிப் பக்கம் ஒன்று என இரண்டு பஸ் நிற்க வேணும். இரண்டும் பஸ் ஸ்டாண்ட் வழியாகப் போக வேணும். கிண்ணியாக்காரர் சீனக்குடாவிலேயே இறங்கி ஏற அங்கேயும் ஒரு நிறுத்தம் வேணும். ரயில் பிந்தினால் பஸ்ஸும் பிந்த வேணும். ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து டைம் கீப்பருக்கு ஒரு கோல் போதும். பின்னேரம் ரயிலைப் பிடிக்க அதே பஸ்கள் திரும்பி வர வேணும். நேரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேணும்.

எரிசக்தி மையம் எப்ப வருமோ தெரியாது. இந்த இரண்டு பஸ்ஸும் அடுத்த மாதமே வரலாம். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள். அதையும் இங்கேயே போடுவோம்.