செம்பைக் கேட்கிறோம், உறையை மறக்கிறோம்

மின்வயர் வாங்கும்போது செம்பின் தடிப்பை விசாரிக்கிறோம். உயிரைக் காக்கும் உறையைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டு மின்னழுத்தியின் பழைய வயர், இறப்பர் காவலியின் மேல் பருத்தி நூல் பின்னப்பட்டது. அந்நூலை வெறும் அலங்காரமென்றே நினைத்திருந்தேன். வயர் பழுதானதும் மலிவான பீ.வீ.சீ. வயரை மாட்டினேன். சாதாரண பீ.வீ.சீ. ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். மின்னழுத்தியின் அடித்தகடோ 150 பாகையையும் தாண்டும். ஒருநாள் தகட்டில் பட்ட உறை உருகிச் செம்பு வெளியே தெரிந்தது. மனைவியின் கை அதற்கு ஓரங்குலத் தூரத்தில் இருந்தது.

சூடேறும் கருவிக்குச் சூடு தாங்கும் உறையே வேண்டும். "எல்லாம் ஒன்றுதான் ஐயா" என்பார் கடைக்காரர். நம்பிவிடாதீர்கள். நான் நம்பியவன்.