நடுவர் இருக்கையும் ஆள்வோர் கணக்கும்

நடுவில் நிற்பவர் நடுவர். இரு பக்கத்தார்க்கும் ஒத்த தொலைவில் நிற்றலே அவர்தம் பெருமை. வள்ளுவப் பேராசான் நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்ததும் அப் பெருமை நோக்கியே. வழக்கில் ஒரு பக்கமாக நிற்கும் அரசே, தான் தேர்தலைச் சந்திக்கவிருக்கும் வேளையில், தனக்கு உகந்தவரைத் தேடி உச்ச அறமன்றத்தின் தலைமை இருக்கையில் அமர்த்துமாயின், அவ்விருக்கை நடுவிருக்கையாகுமா?

இது வெற்று ஐயமன்று. இந்திய வரலாற்றில் நடந்தேறிய ஒன்று. 1975 சூன் 25-இல் நெருக்கடி நிலை வந்தது. 1976 சனவரி 31-இல் தமிழ்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த அரசு தில்லியின் ஒரே ஆணையால் வீழ்த்தப்பட்டது. மிசாச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டோர், தம்மை அடைத்தது முறையா என்று அறமன்றத்தில் கேட்கவும் இயலுமா என்னும் வழக்கில், 1976 ஏப்பிரல் 28-இல் உச்ச அறமன்றம் தீர்ப்புரைத்தது. ஐவருள் நால்வர் 'இயலாது' என்றனர். அன்சுராசு கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். அந் நால்வருள் ஒருவராகிய பேக்கு என்பார், சிறைப்பட்டோர்க்கு அரசு காட்டும் பரிவு தாயின் பரிவை ஒத்தது என்னும் பொருள்பட எழுதினார்.

அப் பரிவு எத்தகையது என்பதைத் தமிழ்நாடு அறியும். சென்னை நடுவண் சிறையில் மிசாச் சிறையாளிகள் அடித்து நொறுக்கப்பட்டனர். செங்கற்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு அவ் அடிகளைத் தாங்கியவர்; 1977 சனவரித் தொடக்கத்தில் உயிர் நீத்தார். சிறைக் கொடுமைகளைப் பின்னர் நடுவர் மு.மு. இசுமாயில் ஆணையம் ஆராய்ந்து உலகறியச் செய்தது.

அதே சனவரி 18-ஆம் நாள் தலைமையமைச்சர் இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். பத்து நாள் கழித்துத் தலைமை நடுவர் இரே ஓய்வு பெற்றார். மூப்பின்படி அவ்விருக்கை கன்னாவுக்கு உரியது. அமர்த்தப்பட்டவரோ பேக்கு! கன்னா தம் பொறுப்பைத் துறந்தார். அவருக்கு ஆறு திங்கள்கூட எஞ்சவில்லை என்பது அரசு காட்டிய கரணியம். 1991-இல் க.நா. சிங்கு மூன்று கிழமைக்கும் குறைவாகவே தலைமை நடுவராக இருந்தார். அதனால் அறமன்றம் இடிந்துவிட்டதா? காலக்குறைவு சொல்லப்பட்ட கரணியம். தனித்து நின்ற தீர்ப்பே உண்மைக் கரணியம். ஓய்வு பெற்ற இரேயும் இவ்வாறு வந்தவரே. 1973 ஏப்பிரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அரசின் விருப்பத்திற்கு மாறாகத் தீர்ப்பளித்த செலத்து, எகுடே, குரோவர் ஆகிய மூவரையும் மறுநாளே தாண்டி அவரை உயர்த்தியது அதே அரசு.

இந் நோய் தில்லிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2016-இல் ஒபாமா முன்மொழிந்த கார்லந்தை, 'தேர்தல் ஆண்டு. மக்கள் முடிவு செய்யட்டும்' என்று சொல்லி எதிர்க்கட்சிப் பெரும்பான்மையினர் உசாவவும் மறுத்தனர். 2020 செப்தம்பர் 18-இல் நடுவர் கின்சுபர்க்கு மறைந்தபோதோ, அதே கட்சியினர் அத்தோபர் 26-இல் பாரெட்டு அம்மையாரை அமர்த்தி முடித்தனர். தேர்தலுக்கு எட்டே நாள் இருந்தது! கொள்கை மாறவில்லை, ஏனெனில் கொள்கை என ஒன்று இருந்ததே இல்லை.

1978-இல் சனதா ஆட்சி செய்ததை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிசா வழக்கில் அரசின் பக்கம் நின்ற சந்திரசூடு மூப்பின்படி அடுத்து நின்றார். அவரைத் தாண்டுக என்று வழக்கறிஞர் சிலர் வற்புறுத்தினர். ஆட்சி இசையவில்லை, மூப்பையே போற்றியது. அதுவே சரி. நல்லவரை அமர்த்துவதற்காக நெறியை மீறின், அடுத்து வருவோன் தீயவரை அமர்த்துதற்கும் அம் மீறலே வழியாகும்.

உச்ச அறமன்ற நடுவர்க்கு 65 அகவையில் ஓய்வு என்பது சட்டம். எந்த நாளில் எந்த இருக்கை ஒழியும் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்தது. எனவே கடைசி நாள் தேர்வுக்குத் தேவையே இல்லை. தலைமை நடுவர் மூப்பின்படியே வருவார் என்பது இன்றும் மரபாக உள்ளதேயன்றி அரசமைப்புச் சட்டத்தில் எழுதப்படவில்லை. மரபை மீறுதற்கு ஒரு மாலைப்பொழுது போதும் என்பதை 1973-உம் 1977-உம் காட்டிவிட்டன.

திருநீர்மலை அடிவாரத்தில் வாழும் ஓர் எளியவன் தன் நிலத்துக்கோ உரிமைக்கோ கடைசி முறையீடு செய்யத் தில்லிக்கே செல்லுதல் வேண்டும். அங்கு அவன் தாய்மொழி ஏறாது. ஆங்கிலமே அம் மன்றத்தின் மொழி. ஊரும் அயல், மொழியும் அயல் என்றான அவ்விடத்தில் அவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பற்றுக்கோடு நடுவரின் நடுவுநிலைமை. அதையும் ஆள்வோரின் தேர்தல் கணக்குக்கு விட்டுவிட்டால் அவனுக்கு என்ன மிஞ்சும்?

ஆதலின் மூப்பு நெறி சட்டத்திலேயே பொறிக்கப்படுதல் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து தில்லி செல்லும் உறுப்பினர், எக்கட்சியினராயினும், இதனை வற்புறுத்தல் வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் தமிழர் இதையும் கேட்டுத் தெளிக!