தொற்றாத நோய்க்குத் திரை எதற்கு?

எங்கள் வலையபட்டியில் முழுக்கை ரவிக்கை அணியும் பெண்கள் எல்லோரும் நாகரிகம் கருதி அணிவதில்லை. முழங்கையில் உள்ள செதில் படையை மறைக்கவும் சிலர் அணிகின்றனர். சோரியாசிஸ் என்று ஆங்கில மருத்துவரும், காளாஞ்சகப் படை என்று சித்த வைத்தியரும் கூறும் நோய் அது. ஒட்டிக்கொள்ளும் நோயன்று. உடலின் எதிர்ப்பாற்றல் வழிதவறித் தோலைத் தூண்டிவிட, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வளர்ந்து உதிரவேண்டிய தோலணுக்கள் சில நாட்களிலேயே மேலேறிக் குவிகின்றன, அவ்வளவுதான். ஆயினும், பெண் பார்க்க வருவோர் காதில் விழுந்துவிடுமோ என்று வீடே வாய்மூடிக் கொள்கிறது!

மறைத்த பிறகு மருத்துவமனைக்கு எப்படிச் செல்வது? மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்குகிறார்கள். குளோபெட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டாக அது இருந்துவிட்டால், சில நாளில் தோல் தெளியும். நெடுநாள் பூசினால் தோல் மெலியும். திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் சீறி எழும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் மைய அரசு விதித்தது. விதி தில்லியில் இருக்கிறது. களிம்பு கடைத்தெருவில் இருக்கிறது.

வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் புடமிடும் நம் தைலத்தை நான் இகழவில்லை. ஆனால் உடலெங்கும் பரவி மூட்டையும் தாக்கிவிட்ட நோய்க்கு அது ஒன்றே போதும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. 2013-இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் ஐடோலிசுமாப் என்னும் ஊசிமருந்தை நம் நாட்டிலேயே வெளியிட்டது. இன்டர்லூகின்-17 என்னும் அழற்சிப் பொருளைத் தடுக்கும் செக்குகினுமாப் அடுத்து வந்தது. பயன் பெரிது, விலையோ நம் போன்றோர்க்கு எட்டாக்கனி.

பெண்களுக்கு இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு. விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒருமுறை மட்டும் உண்ணும் மாத்திரை. நல்ல மருந்துதான், ஆனால் கருவுக்குக் கேடு. அசிட்ரெட்டின் உண்டவர், நிறுத்திய பின்னும் மூன்றாண்டுகள் கருத்தரிக்கலாகாது! நோயை மறைத்து மணமுடித்தவள் மாத்திரையையும் மறைத்தே உண்பாளாயின் அவள் கதி என்ன? கருவுற்ற காலத்திலும் தரத்தக்க மருந்துகள் இல்லாமல் இல்லை. செர்டோலிசுமாப் என்னும் ஊசிமருந்து நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைவது மிகமிகக் குறைவு. ஆனால், கேட்டால்தானே மருத்துவர் மாற்றித் தருவார்?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உள்ளன. "தை மாதம் எனக்குத் திருமணம், எந்த மருந்தை எப்போது நிறுத்தவேண்டும்?" என்று அங்கே பெண்ணே வாய்திறந்து கேட்கட்டும். மாப்பிள்ளையும் உடன் சென்றால் இன்னும் நல்லது.