உணவுச் சட்டம் படிக்க ஆள் தேவை

தீபாவளி நெருங்கினால் கிள்ளானிலும் சுங்கை சிப்புட்டிலும் வீட்டு முறுக்கும் மிக்சரும் பொட்டலமாகி விற்பனைக்கு வந்துவிடும். பொட்டலத்தின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதை 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன. இங்கே தயாரித்த பொருளுக்கு விவரம் மலாயில் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். மிக்சரில் கடலை இருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதையும் குறிப்பிட வேண்டும். தொழில் கொஞ்சம் வளர்ந்தால் சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் இருக்கிறது.

இதையெல்லாம் அந்த அம்மாக்களுக்குத் தமிழில் விளக்க யார் இருக்கிறார்கள்?

உணவு அறிவியலில் பட்டம் பெற்ற நம் மாணவர்கள் முதுகலை என்றதும் ஆய்வுக்கூடத்தைத்தான் நினைக்கிறார்கள். கிருமியை எண்ணத் தெரிவது பாதி வேலை. அளவு மீறிய பொருளை என்ன செய்வது, கடையை மூடும் அதிகாரத்தை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் யாருக்குத் தருகிறது என்பதெல்லாம் மறுபாதி. அமைச்சுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் இரண்டும் தெரிந்தவர்கள் தேவை. மருத்துவம் கிடைக்காதவர்களின் படிப்பு இது என்று பெற்றோர் ஒதுக்குவதுதான் வருத்தம்.

செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியலுக்குத் தனிப் புலமே உண்டு. அங்கேயோ வேறு எங்கேயோ விண்ணப்பிக்கும் முன், சட்டமும் விதிமுறையும் பாடத்தில் எவ்வளவு வருகின்றன என்று விரிவுரையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.