பழைய கொம்பியூட்டரைத் தூக்கி வீச முன்...



எமது பாடசாலைக்கு புதிய கொம்பியூட்டர் வாங்க ஊரில் காசு சேர்க்கும் கதை மீண்டும் வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான், அல்லாஹ் பொருந்திக் கொள்வானாக. ஆனால் ஜும்ஆவில் அறிவித்தல் கொடுக்க முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

ஐசிடி படிப்பிக்கும் நாம் இரண்டு பேரும் கடந்த லீவில் மூலையில் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தோம். 4 ஜிபி ரெம். ஓன் பண்ணிவிட்டு லுஹர் தொழுதுவிட்டு வந்தாலும் விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். கடையில் "இது பழசு சேர், புதுசு எடுங்க" என்றார்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும் ஓரளவு புதிய ப்ரொசஸரும் வேண்டும். இதில் இரண்டும் இல்லை.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு பென் ட்ரைவில் ஏற்றினோம். இன்ஸ்டோல் பண்ணாமலே பென் ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் அழியாது. ஓடியது! அப்படியென்றால் போர்டும் ரெம்மும் நல்லம், பிழை விண்டோஸிலோ ஹார்ட் டிஸ்க்கிலோதான். அதிலேயே டிஸ்க்கைச் சோதிக்கும் வசதியும் இருக்கிறது. எமது டிஸ்க் சுகமாக இருந்தது. டேட்டாவைக் கொப்பி எடுத்துவிட்டு இன்ஸ்டோல் பண்ணினோம். இப்போது பிள்ளைகள் அதில் லிப்ரே ஒஃபிஸ் பழகுகிறார்கள். அடுத்ததாகப் பார்த்த கொம்பியூட்டரில் டிஸ்க்கே பழுது. அதை லினக்ஸாலும் காப்பாற்ற முடியாது, எஸ்எஸ்டி ஒன்று போட வேண்டும். அப்படியும் புதிய கொம்பியூட்டரின் விலை வராது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறோம். எமது கொம்பியூட்டர்களில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸா? வகுப்பில் அமானிதம் பற்றிப் பேசிவிட்டு, அடுத்த பாடவேளையில் க்ரேக் பண்ணிய மென்பொருளை ஓன் பண்ணுகிறோம். பதிப்புரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள் என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்திருக்கிறது. "எல்லாரும் செய்றாங்க தானே" என்பது பிள்ளைகள் எங்களிடம் சொல்லும் சாட்டு. அதை நாமே சொல்லக் கூடாது. போதாததற்கு, க்ரேக்கோடு சேர்ந்து வைரஸும் இலவசமாக வருகிறது.

இலவசமாகக் கிடைப்பது தரமில்லாதது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய எமது நாட்டவர்களே எழுதிய சஹானாவும் இதே திறந்த மூல வகைதான். பிறகு வேறு நாடுகளும் அதைப் பாவித்தன.

கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டோம். ஒஃபிஸ் பிரின்டர் இரண்டு நாள் எங்களை அழ வைத்தது, இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. பாமினியில் டைப் செய்த பழைய வினாத்தாள்களுக்கு அந்த எழுத்துருவை நாமே போட வேண்டும். ஃபோட்டோஷொப் நேரடியாக ஓடாது. அதனால் ஒஃபிஸ் கொம்பியூட்டரில் இப்போதைக்கு கை வைக்க வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம்.

கணினி அறையில் மீதியாகக் கிடப்பவற்றை முதலில் சோதிப்போம். உண்மையில் எத்தனை வாங்க வேண்டும் என்பது அதன் பிறகு தெரியும், காசும் அதற்கேற்ப சேர்க்கலாம். கொம்பியூட்டர் வேலை தெரிந்த பழைய மாணவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்தால் பெரிய உதவி. வரும்போது ஆளுக்கொரு 8 ஜிபி பென் ட்ரைவ் கொண்டு வாங்க தம்பிமாரே.